பதினைந்து நிமிடமும் பதினைந்து வயதும்

கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்துக்குள் பிங் நர்சரி பள்ளி இருக்கிறது. 1960-களின் கடைசியில் அங்கே ஒரு சின்ன அறையில் நாலு வயதுக் குழந்தையைத் தனியாக உட்கார வைத்தார்கள். மேசைமேல் தின்பண்டம், பக்கத்தில் ஒரு மணி. பெரியவர் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் பிடித்த பரிசு கிடைக்கும். பொறுக்க முடியாமல் மணியை அடித்தால் உடனே வந்துவிடுவார், ஆனால் சின்னப் பரிசுதான். அதிகபட்சக் காத்திருப்பு 15 நிமிடம். குழந்தைக்கு அது தெரியாது.

ஒரு குழந்தை கண்ணைப் பொத்திக்கொண்டது. இன்னொன்று தனக்குத்தானே பாட்டுப் பாடியது. மேசைமேல் தலையைக் கவிழ்த்துத் தூங்கியே போன குழந்தையும் உண்டு. சோதனையை நடத்திய உளவியலாளர் வால்டர் மிஷெல் அப்போது தேடியது இதைத்தான்: ஆசையை அடக்கும் நேரத்தில் ஒரு சின்ன மனம் என்னென்ன உபாயம் செய்கிறது? பண்டத்தை மூடி வைத்தால் அதிக நேரம் பொறுக்கிறார்கள், வேறு சந்தோஷமான விஷயத்தை நினைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாலும் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உலகம் நினைவில் வைத்ததோ வேறு ஒன்றை.

மிஷெலின் மூன்று மகள்களும் அதே பள்ளியில் படித்தவர்கள். சில வருடங்கள் கழித்து, அவர்களுடைய பழைய வகுப்புத் தோழர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் பேச்சுவாக்கில் விசாரித்தார். அந்தப் பதில்களுக்கும் பழைய காத்திருப்பு நிமிடங்களுக்கும் ஏதோ தொடர்பு தெரிந்தது. பெற்றோருக்குக் கேள்வித்தாள்கள் அனுப்பினார். 1990-இல் ஷோடா, மிஷெல், பீக் மூவரும் எழுதிய கட்டுரை வந்தது. அதிக நேரம் காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்விலும் அதிக மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். கணிதப் பகுதியில், தொடர்பின் வலிமையைக் காட்டும் ஒட்டுறவு எண் 0.57. உளவியலில் இது சாதாரண எண் இல்லை.

அந்த எண் எத்தனை குழந்தைகளிடமிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். முதலில் கலந்துகொண்டவர்கள் 650-க்கும் மேல். எஸ்ஏடி மதிப்பெண் கிடைத்தவர்கள் நூறுக்கும் குறைவு. வலுவான தொடர்பு தெரிந்ததோ, பண்டம் கண்முன்னே இருக்க, எந்த உபாயமும் சொல்லித்தரப்படாத பிரிவில் மட்டும். அதில் இருந்தவர்கள் 35 பேர், பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள். மாதிரி சிறியது, எச்சரிக்கை தேவை என்று கட்டுரையாசிரியர்களே எழுதியிருந்தார்கள். மேடைப் பேச்சுகளும் சுயமுன்னேற்றப் புத்தகங்களும் அந்த வரியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன. நாலு வயதில் பொறுக்காத பிள்ளை நாற்பதிலும் உருப்படாது என்ற பயம் வீடுவீடாகப் பரவியது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் 35 குழந்தைகள் என்பது இப்போதும் மனசை உறுத்துகிறது.

அன்றைய ஆய்வு வழக்கமே அப்படித்தான். தரவைத் திரட்டுவது, பல பிரிவுகளாகப் பிரித்துப் பார்ப்பது, எங்கே தொடர்பு தெரிகிறதோ அதை எழுதுவது, அதற்கு 'முன்கணிப்பு' என்று பெயர் வைப்பது. போன வருடக் கேள்வித்தாளை விடையோடு பக்கத்தில் வைத்துக்கொண்டு நூற்றுக்கு நூறு வாங்குவது போன்ற காரியம் அது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. கற்றுக்கொடுத்த முறையே அது. தொடர்பு தெரியாத முடிவுகளை ஆய்விதழ்கள் அதிகம் விரும்பவில்லை, அவை மேசை இழுப்பறையில் தங்கிவிட்டன. 2015-இல் உளவியலாளர் பிரையன் நோசெக் தலைமையிலான குழு 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் நூற்றுக்கு 97 புள்ளியியல் முறைப்படி 'விளைவு உண்டு' என்று சொல்லியிருந்தன. திரும்பச் செய்தபோது அப்படிச் சொன்னவை 36 சதவீதம்.

இன்று நல்ல ஆய்வாளர்கள் முன்பதிவு செய்கிறார்கள். தரவைத் திறப்பதற்கு முன்பே, என்ன எதிர்பார்க்கிறோம், எத்தனை பேரைப் பார்ப்போம், எந்தக் கணக்கைப் போடுவோம் என்று எழுதி, தேதியோடு பொதுத் தளத்தில் வைத்துவிடுகிறார்கள். பிறகு வழி மாறினால் மாறியதைச் சொல்லியாக வேண்டும். பிங் பள்ளிக் குழந்தைகளுக்கே இந்தச் சோதனை வந்தது. நடுவயதை எட்டிவிட்ட 113 பேரிடம் சேமிப்பு, கடன், உடல்நலம் முதலானவற்றைக் கேட்டு, திட்டத்தை முன்பதிவு செய்து கணக்கிட்டார்கள். நாலு வயதில் காத்திருந்த நிமிடங்கள் மட்டும் அவற்றை முன்கூட்டிச் சொல்லவில்லை. 2020-இல் வெளியான அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் மிஷெலும் ஒருவர், வெளியாகும்போது அவர் உயிரோடு இல்லை. தன் பெயரை உலகறியச் செய்த முடிவையே இப்படி உரைகல்லில் வைக்கச் சம்மதித்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அதற்கு முன்பே, 2018-இல், வாட்ஸ், டங்கன், குவான் என்ற மூன்று ஆய்வாளர்கள் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை ஆராய்ந்தார்கள். கல்லூரிப் பட்டம் பெறாத தாய்மார்களின் பிள்ளைகளைத் தனியாகக் கவனித்தார்கள். காத்திருப்புக்கும் 15 வயதில் படிப்புக்கும் இருந்த தொடர்பு, பழைய எண்ணில் ஏறத்தாழப் பாதிதான். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், குழந்தையின் ஆரம்பகாலத் திறன் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தபோது அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

ஏன் ஒரு குழந்தை காத்திருப்பதில்லை? அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் 28 குழந்தைகளைக் கொண்டு செலஸ்ட் கிட் குழு செய்து 2013-இல் வெளிவந்த சோதனை இதற்கு நல்ல விடை தருகிறது. முதலில் பழைய க்ரேயான்களைக் கொடுத்து, பொறு, இதைவிட நல்லது கொண்டுவருகிறேன் என்றார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம், மன்னித்துக்கொள், இல்லை என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். ஸ்டிக்கரிலும் அதே கதை. அதன் பிறகே மார்ஷ்மெல்லோ என்ற இனிப்பை வைத்துக் காத்திருப்புச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள், ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். சொன்ன சொல் நிற்காத இடத்தில் கையில் இருப்பதைத் தின்றுவிடுவது புத்திசாலித்தனம்தானே! 1950-களில் ட்ரினிடாடில் செய்த ஆரம்ப ஆய்வுகளிலேயே, தருகிறேன் என்பவர் மேல் குழந்தைக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பதை மிஷெல் யோசித்திருந்தார்.

சரி, 15 நிமிடத் தரவு போதாது, நிறையத் தரவும் பெரிய கணினியும் இருந்தால்? பிரின்ஸ்டனின் மேத்யூ சால்கானிக் முதலானோர் அதையும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்கப் பெருநகரங்களில் 2000-ஐ ஒட்டிப் பிறந்த 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து 9 வயது வரை தொடர்ந்த தரவு அது. ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் ஏறக்குறைய 13,000 விவரங்கள். 15 வயதில் பள்ளி மதிப்பெண், வீட்டு வறுமை உட்பட ஆறு விஷயங்களைச் சொல்ல வேண்டும். விடைகளில் ஒரு பகுதியை ஒளித்துவைத்துக்கொண்டு 160 குழுக்களைப் போட்டிக்கு விட்டார்கள். முடிவு 2020-இல் வந்தது. மதிப்பெண்ணிலும் வறுமையிலும் மிகச் சிறந்த கணிப்பே குழந்தைகளுக்குள் இருந்த வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பிடித்தது, மற்ற நான்கில் இருபதில் ஒரு பங்கு. நாலே நாலு விவரங்களை வைத்துப் போட்ட எளிய கணக்கும் அதற்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை. தோல்வியை மறைக்காமல், போட்டியில் பங்கேற்ற பலரும் சேர்ந்து கையெழுத்திட்டு வெளியிட்டார்கள். பழைய நாளில் இது இழுப்பறைக்குள் போயிருக்கும்.

ஆனாலும் கணிப்பு பள்ளிக்கூடங்களுக்குள் வந்துவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2010-களிலிருந்து, எந்த மாணவர் படிப்பை முடிக்காமல் போகக்கூடும் என்று கணினி மூலம் ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவந்தது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த வரிசைப்படுத்தல் ஓரளவு சரியாகவே இருந்தாலும் படிப்பை முடித்தவர்களின் எண்ணிக்கையை அது குறிப்பிடும்படி உயர்த்தவில்லை என்று காட்டியது. தனித்தனி மாணவரின் விவரம்கூட அவ்வளவாகத் தேவைப்படவில்லை. எந்தப் பள்ளி, அதைச் சுற்றி என்ன நிலைமை என்று பார்த்தாலே உதவி எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. அப்படியானால் பிள்ளைகளுக்குத் தனித்தனியாக முத்திரை குத்தும் வேலையை விட்டுவிட்டு, அந்தப் பணத்தை அந்தப் பள்ளிகளுக்கே கொடுத்துவிடலாம்.