பொருந்தும் உறுப்பும் பொருந்தா உறுப்பும்

பெயர் ஒன்றாயிருப்பின் பொருளும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. துவிச்சக்கர வண்டியின் உறுப்புகளை வாங்கச் செல்வோரை இவ்வெண்ணம் பெரிதும் ஏமாற்றிவிடுகிறது.

வன்னிப் பெருநிலத்தில் துவிச்சக்கர வண்டி ஆடம்பரப் பொருளன்று. ஏ-9 வீதியிலிருந்து பிரிந்து செல்லும் கிரவல் பாதைகளிலும் குளக்கட்டுகளிலும், பேருந்து எட்டாத ஊர்களுக்கு அதுவே துணை. போர்க்காலத்தில் எரிபொருள் அருகியபோது பொதி சுமந்ததும் அதுவே. 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது பலர் மீண்டும் நாடியதும் அதனையே. வண்டி முடங்கினால், தொலைவிலிருந்து வரும் மாணவனின் படிப்பும் அன்று முடங்குகிறது.

இன்று ஒரே வீட்டின் தாழ்வாரத்தில் பாட்டனாரின் உயரமான பழைய வண்டியும், பேரனின் தடித்த ரயர் பூண்ட மவுண்டன் வண்டியும் அருகருகே நிற்கக் காணலாம். ஒன்றின் உறுப்பை மற்றொன்றிற்குப் பூட்டலாமா?

முதலில் ரயரை நோக்குவோம். மவுண்டன் வண்டியின் வழக்கமான 26 அங்குல ரயர், றிம்மில் அமருமிடத்தில் 559 மில்லிமீற்றர் விட்டமுடையது. 26 x 1 3/8 எனப்படும் பழைய வகையோ 590 மில்லிமீற்றர். பெயர் 26 ஆயினும் ஒன்று மற்றொன்றிற்குப் பொருந்தாது. அவ்வாறே 28 x 1½ என்னும் பழைய ரயர் 635 மில்லிமீற்றர். 700சி எனப்படும் பந்தய வண்டி ரயர் 622. விந்தை யாதெனில், 29 அங்குல மவுண்டன் ரயரும் அதே 622 தான்! எனினும் அதன் தடிப்பு, பந்தய வண்டியின் முன்கவருக்குள் அடங்குவதில்லை.

அங்குலக் கணக்கு ரயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகவே சுட்டுகிறது. குழப்பத்தின் வேர் இதுவே. ஆகையால் ரயரின் பக்கவாட்டில் 40-635 என்பது போலப் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தல் வேண்டும். முதலெண் தடிப்பு, இரண்டாவது, றிம்மில் அமரும் விட்டம். இவ்விரண்டாம் எண் ஒத்திராத ரயரைப் பூட்டினால், காற்றடித்தபின் அது றிம்மை விட்டுக் கழன்றுவிடக் கூடும்.

சங்கிலியின் கண்ணிகள் எல்லா வண்டிகளிலும் அரை அங்குல இடைவெளி கொண்டவையே. ஆனால் கியர் இல்லாத வண்டியின் அகன்ற சங்கிலி, கியர் வண்டியின் நெருங்கிய பற்சில்லுகளுக்கிடையே உரசும். பின்சில்லின் குடமும் பந்தய வண்டியில் பெரும்பாலும் 130 மில்லிமீற்றர், மவுண்டன் வண்டியில் 135 மில்லிமீற்றர் அகலமுடையது.

பிறேக்கிலேதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. பழைய வண்டியின் கம்பிப் பிறேக் றிம்மின் உட்புறத்தை அழுத்துவது. மவுண்டன் வண்டியின் கவட்டுப் பிறேக் பக்கங்களைப் பற்றுவது. தட்டையான பக்கமற்ற பழைய றிம்மில் அது பிடிக்காது. பந்தய வண்டியின் பிறேக் பிடியும் அதற்குப் போதிய அளவு கேபிளை இழுப்பதில்லை. இறக்கத்தில் வரும் பிள்ளைக்கு இது உயிர் காக்கும் காரியமன்றோ?

ஒற்றுமையும் இல்லாமலில்லை. பெரியோர் வண்டிகளின் பெடல் மரை பெரும்பாலும் 9/16 அங்குலமே. ஆதலால் எளிதில் மாற்றலாம். இடப்பெடலின் மரை மட்டும் எதிர்ப்புறமாகச் சுழலும் என்பதை மறத்தலாகாது.

ஆகவே கடைக்குச் செல்பவர் பழைய உறுப்பையே கையோடு கொண்டு செல்லட்டும். பெயரைச் சொல்லிக் கேளாது, எண்ணைக் காட்டிக் கேட்கட்டும். வீண்செலவு குறையும், பிள்ளையும் காலத்தே பள்ளி சேரும்.