சொல் வரும்வரை காத்திருங்கள்

‘சிக்கன்.’ எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் இந்த ஒரு சொல்தான் வந்து நின்றது. சொல்ல நினைத்தது இதுவல்ல என்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் பயிற்சி அறையில் உடைந்து அழுதார்.

2011 ஜனவரி 8-ம் தேதி, அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த பெண் எம்.பி. அவர். அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். அவர் பிழைத்தார். ஆனால், குண்டு மூளையின் இடப்பாதி வழியாகப் போயிருந்தது. பெரும்பாலானோருக்குப் பேச்சை ஆளும் பாதி அதுதான். மேடைப் பேச்சையே தொழிலாகக் கொண்டவருக்கு, ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

மூன்று வாரத்துக்குள் ஹூஸ்டனில் மறுவாழ்வுச் சிகிச்சை தொடங்கியது. பேச முடியாதவரைப் பாட வைத்தார்கள். குழந்தைப் பாட்டும் பிறந்தநாள் பாட்டும் வாயில் வந்தன! பாட்டில் மூளையின் வலப்பாதிக்கும் பெரிய பங்கு உண்டு. பழகிய மெட்டோடு சேர்ந்த சொற்கள் பல நேரம் தப்பித்துக்கொள்கின்றன.

1970-களில் பாஸ்டனில் உருவான ஒரு பயிற்சிமுறைக்கு இதுவே அடிப்படை. ‘தண்ணி வேணும்’ என்பதை எடுத்துக்கொள்வோம். பயிற்சியாளர் அதை ஏற்ற இறக்கத்தோடு ராகமாக இழுக்கிறார். ‘தண்-ணி-வே-ணும்’ என்று ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையை மேஜையில் தட்ட வைக்கிறார். முதலில் இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். பிறகு பயிற்சியாளர் குரலைக் குறைத்துக்கொள்ள, நோயாளி தனியாகத் தொடர்கிறார். கடைசியில் ராகம் கழன்று பேச்சு மட்டும் மிஞ்ச வேண்டும். நாள்தோறும், மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை இது.

முதல் மாதங்களில் மூளை தானாகவே ஓரளவு தேறும், பாடிப் பழகிய தொடர்களைத் தாண்டி இந்த முறை எவ்வளவு உதவும் என்று கேட்கும் நிபுணர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். என் கவலை வேறு.

நம் வீடுகளில் பக்கவாதத்தால் ஒருவருக்குக் கை கால் விழுந்தால் அடுத்த வாரமே பிசியோதெரபிக்கு ஆள் வைக்கிறோம். பேச்சு போனால், ‘போகப் போக வந்துடும்’ என்று விட்டுவிடுகிறோம். அதைவிடக் கொடுமை நம் அவசரம். அப்பா ‘த... த...’ என்று தொடங்கும்போதே, ‘தண்ணியா? இந்தாங்க’ என்று டம்ளரை நீட்டிவிடுகிறோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால், அவர் உச்சரித்திருக்க வேண்டிய சொல்லை நாம் பறித்துக்கொள்கிறோம். வந்து பார்க்கும் உறவினரோ, ‘அவருக்கு நினைவு இருக்கா?’ என்று அவர் எதிரிலேயே கேட்கிறார். பேச்சு போனவர்கள் பலருக்குப் புத்தி போவதில்லை. அந்தக் கேள்வி அவர் காதில் விழுகிறது, புரிகிறது, வலிக்கிறது.

அந்த எம்.பி. 2011 ஆகஸ்டில் அவைக்கு வந்து வாக்களித்தார். அடுத்த ஜனவரியில், சிகிச்சைக்காகப் பதவியை விட்டார். 2020-ல் தன் கட்சியின் தேசிய மாநாட்டுக்காக ஓர் உரையைப் பேசி முடித்தார். ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டிய உரை. அதற்குப் பின்னால் ஒன்பது ஆண்டு உழைப்பு.

உங்கள் வீட்டில் அப்படிப் பேச்சை இழந்த ஒருவர் இருந்தால், டி.வி.யை அணைத்துவிட்டு எதிரில் உட்காருங்கள். பேச்சுப் பயிற்சியாளரைத் தேடிச் செல்லுங்கள். பேச்சை இழந்தவர் ஒரு சொல்லைத் தேடும்போது எடுத்துக் கொடுக்காதீர்கள். அரை நிமிடம் ஆகட்டும், ஒரு நிமிடமே ஆகட்டும். காத்திருங்கள்.