இலையுதிர்காலப் பாடல்களும் நம் ஐப்பசி மழையும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

இசைக்கு மயங்காத உயிர் இல்லை என்பர் பெரியோர். மேல்நாட்டார் செப்டம்பர் முதல் நவம்பர் வரை விரும்பிக் கேட்கும் பழைய ஆங்கிலப் பாடல்கள் சில உண்டு. அவற்றை நம் பக்கத்து வீடுகளிலும் தாத்தாமாரும் ஆச்சிமாரும் ஆசையோடு கேட்பதைக் காண்கிறோம். இலையுதிர்காலமே இல்லாத தாமிரபரணிக் கரையில் இப்பாடல்களுக்கு என்ன வேலை? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலை ஏன் உதிர்கிறது?

இலண்டன் மாநகரில் கோடையின் நீண்ட பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல். டிசம்பரின் குறுகிய பகலோ எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. பகல் குறுகிக் குளிர் ஏறும்போது, அங்குள்ள மரங்கள் இலையில் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்திவிடுகின்றன. அதுவரை பச்சைக்குள் ஒளிந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. பின்பு காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு உண்டாகி இலை கழன்று விழுகிறது. ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் பொன்னிறமாகிப் பின் மொட்டையாகி நிற்கும். இந்தக் காட்சியைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இலையுதிர்காலம் என்றாலே பிரிவும் நினைவும்தான்.

நம் ஆழ்வார்திருநகரியோ நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது பாகைக்குள் இருக்கிறது. இங்கே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணி நேரமே. அரசமரம் போன்றவை இலை உதிர்ப்பது மாசி, பங்குனி வறட்சியில்தான். ஐப்பசியிலோ வடகிழக்குப் பருவமழை பெய்து, பிசான நடவு நடந்து, வயலெல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கும். நம் ஆதிநாதர் கோயில் புளியமரமோ இரவிலும் இலை மூடாது என்று பெயர் பெற்ற உறங்காப்புளி! முன்னோர் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர்க்காலம் என்று வகுத்தனர். மேல்நாட்டாருக்கு இலை விழும் காலம், நமக்கு மழை விழும் காலம். இரண்டும் மனிதரை வீட்டுக்குள் உட்கார வைக்கும் காலங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்தால் பழைய நினைவு வருவது இயல்புதானே!

புகழ் பெற்ற சில பாடல்கள்

இவ்வகைப் பாடல்களுள் முதலிடம் பெறுவது 'ஆட்டம் லீவ்ஸ்'. ஹங்கேரியில் பிறந்த ஜோசஃப் கோஸ்மா இசையமைக்க, பிரெஞ்சுக் கவிஞர் ஜாக் பிரெவேர் பாடல் இயற்றினார். பிரெஞ்சில் இதன் தலைப்புக்கு 'இறந்த இலைகள்' என்று பொருள். ஜானி மெர்சர் இதற்கு ஆங்கிலச் சொற்கள் அமைத்தார். இதன் மெட்டைக் கவனித்துக் கேட்டால் ஓர் அழகு புலப்படும். ஒவ்வொரு வரியும் மேலே ஏறுகிறது. ஆனால் அடுத்த வரி ஒரு படி கீழிருந்து தொடங்குகிறது. காற்றில் எழும்பி எழும்பி, இறுதியில் தரைக்கே வரும் இலையைப் போல! ரோஜர் வில்லியம்ஸ் என்பவர் இதைப் பியானோவில் வாசித்த இசைத்தட்டு 1955-இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. இத்தகைய பாடல்கள் பலவும் 'மைனர்' எனப்படும் சுர வரிசையில் அமைந்தவை. நம் நடபைரவி இராகத்தின் சுரங்களும் அவைதாம். ஆகவேதான் சொற்கள் புரியாதவர் மனத்தையும் அவை தொடுகின்றன போலும்.

1938-இல் வந்த 'செப்டம்பர் சாங்' மற்றொன்று. நாஜிகளுக்குத் தப்பி ஜெர்மனியை விட்டு வெளியேறிய குர்ட் வைல் இதற்கு இசையமைத்தார். வயதான ஒருவர் தம் வாழ்நாளை ஓர் ஆண்டாக எண்ணி, எஞ்சியுள்ள மாதங்கள் சிலவே என்று உணர்வதாக அமைந்தது இப்பாடல்.

நம் மாணவியர் வியக்கத்தக்க ஒன்று 'டர்ன், டர்ன், டர்ன்'. பீட் சீகர் இசையமைத்த இதன் சொற்கள் பெரும்பாலும் விவிலியத்தில் சபை உரையாளர் நூலின் மூன்றாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு என்னும் அப்பகுதியைத் திருப்பலி வாசகத்தில் நாம் கேட்டிருக்கிறோம். அதையே 'த பேர்ட்ஸ்' குழுவினர் கித்தார் இசையோடு பாட, 1965-இல் அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. கார்ப்பென்டர்ஸ் என்னும் அண்ணன் தங்கை 1973-இல் பாடிய 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்', சிறு வயதில் வானொலியில் கேட்ட பாட்டுகளை மீண்டும் கேட்கும் மகிழ்ச்சியையே பொருளாகக் கொண்டது.

நம் கரைக்கு வந்த வழி

இப்பாடல்கள் நம் பகுதிக்கு வந்த பெரிய வழி இலங்கை வானொலி. கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய அந்நிலையம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கங்களில் தெளிவாகக் கேட்டது. தமிழ்ப் பாட்டுக்காக வானொலிப் பெட்டியைத் திருகியவர்கள் ஆங்கிலப் பாட்டையும் கேட்டுப் பழகினர்.

பாடியவர்களுள் சிலர் நமக்கு அந்நியரும் அல்லர். எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936-இல் பிறந்தது நம் சென்னையில்! அவருடைய 'த லாஸ்ட் வால்ட்ஸ்' 1967 செப்டம்பரில் இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. கிளிஃப் ரிச்சர்ட் 1940-இல் பிறந்தது இலக்னோவில். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப், பட்டுப்புடவையும் பொட்டுமாக ஆங்கிலப் பாடல்களைப் பாடிப் புகழ் பெற்றார்.

ஆனால் நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் குடிபுகுந்தவர் என்றால் ஜிம் ரீவ்ஸ்தான். உரத்துப் பாடாமல் ஒலிவாங்கியின் அருகே நெருங்கித் தாழ்ந்த குரலில் பாடுவது அவர் வழக்கம். பக்கத்தில் அமர்ந்து பேசுவது போலிருக்கும். 1964 ஜூலை 31 அன்று, தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் மழைப்புயலில் சிக்கி விழுந்து அவர் இறந்தார். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்குரல் இன்னும் ஒலிக்கிறது.

நினைவின் மாதம்

திருச்சபை நவம்பர் மாதத்தை இறந்தோரை நினைக்கும் மாதமாகக் கொண்டாடுகிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மேல்நாட்டில் கல்லறைகளின் மேல் இலை விழுந்து கிடக்கும். இங்கே நாம் ஏற்றும் மெழுகுதிரியை மழைக்காற்று அணைத்துவிடும். கைகளால் மறைத்து மறுபடியும் ஏற்றுகிறோம்.

எங்கள் தாத்தா ஜிம் ரீவ்ஸ் பாடல்களில் மிக்க பிரியம் உடையவர். அவர் இறந்தபின் இரண்டு ஆண்டுகள் ஆச்சி அப்பாடல்களை வீட்டில் வைக்கவே விடவில்லை. சென்ற ஐப்பசியில் ஒரு மழை நாளில், "ஏட்டி, தாத்தா பாட்ட போடு, கேப்போம்" என்று அவர்களே கேட்டார்கள். பாட்டு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, கல்யாணமான புதிதில் வானொலிப் பெட்டி வாங்கிய கதையைச் சொன்னார்கள். எங்கள் அம்மாவுக்கே அதுவரை தெரியாத கதை அது.

முடிவுரை

இலையுதிர்காலம் நமக்கு இல்லாவிட்டாலும் அதன் பாடல்கள் நமக்கும் உரியவையே என்பது இதனால் விளங்கும். பிரிவும் நினைவும் எந்த நாட்டுக்கும் பொது. ஆகவே தோழியரே, வருகிற மழைக்காலத்தில் உங்கள் வீட்டுப் பெரியோரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அவர்களுக்குப் பிடித்த பழைய பாட்டு எது? முதலில் எங்கே கேட்டார்கள்? அப்போது உடன் இருந்தவர் யார்? விடையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாட்டைக் கைபேசியில் எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அதன் கதையைச் சொல்லக் கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நம் கடமையாகும்.