11-ம் வகுப்பிலேயே ஊடகவியல் படிக்கலாமா? மும்பைத் தமிழ் மாணவர்களுக்கு உள்ள வழிகள்

உல்லாஸ்நகர்: பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும்போது, மும்பைப் பெருநகரப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. பத்திரிகை, தொலைக்காட்சி, திரைப்படத் துறைகளில் நாட்டம் கொண்ட மாணவர் 11-ம் வகுப்பில் எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது?

மகாராஷ்டிராவில் 11, 12-ம் வகுப்புகள் பெரும்பாலும் ஜூனியர் கல்லூரிகளில் நடைபெறுகின்றன. உல்லாஸ்நகரின் சி.எச்.எம். கல்லூரி போன்றவற்றில் பட்டப்படிப்புடன் ஜூனியர் கல்லூரியும் இயங்குகிறது. மாநில வாரியத்தின் கீழ் சேரும் மாணவர், கலை, வணிகம், அறிவியல் ஆகியவற்றுள் ஒரு பிரிவைத் தேர்வு செய்கிறார். ஊடகக் கல்வி பெரும்பாலும் அதற்குப் பிறகே தொடங்குகிறது.

மும்பைப் பல்கலைக்கழகத்தின் பி.எம்.எம். பட்டப்படிப்பு, பின்னர் பி.ஏ. மல்டிமீடியா மற்றும் வெகுசனத் தொடர்பியல் எனப் பெயர் மாற்றப்பட்டது. 12-ம் வகுப்பில் எந்தப் பிரிவில் படித்தவரும் இதில் சேரலாம். எனவே ஊடகத்துறைக்குச் செல்லக் கலைப் பிரிவு கட்டாயம் என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை. கணக்கியலையோ இயற்பியலையோ அறிந்த செய்தியாளருக்கு அது பின்னாளில் கைகொடுக்கவே செய்யும்.

11-ம் வகுப்பிலேயே தொடங்க விரும்புவோருக்கும் வழி உண்டு. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் வெகுசன ஊடகக் கல்வி, 835 என்ற குறியீட்டுடன் திறன் பாடமாக உள்ளது. ஐ.எஸ்.சி. பாடத்திட்டத்திலும் ஊடகப் பாடம் இருக்கிறது. வழக்கமான பள்ளிக்குச் செல்ல இயலாதவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் வெகுசனத் தொடர்பியலை (குறியீடு 335) தேர்ந்தெடுக்கலாம். கேரளத்தில், மேல்நிலைப் பள்ளியின் மானுடவியல் பிரிவில் இதழியல் ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது.

இப்பாடத்தில் கேமராவைக் கையாளக் கற்பது ஒரு பகுதி மட்டுமே. ஒரு செய்தியை யார் தேர்ந்தெடுத்தார், அந்நிறுவனம் யாருக்குச் சொந்தம், யாருடைய குரல் விடுபட்டது என்று கேட்கப் பழகுவதே இதன் சாரம். தாராவி மாணவர் ஒருவருக்கு இதற்கான சான்றுகள் வீட்டு வாசலிலேயே கிடைக்கும். 1987-ல் வெளியான 'நாயகன்', 2008-ன் 'ஸ்லம்டாக் மில்லியனர்', 2018-ன் 'காலா', 2019-ன் 'கல்லி பாய்' ஆகிய நான்கும் மும்பையின் குடிசைப் பகுதிகளை நான்கு விதமாகக் காட்டுகின்றன. அவற்றுள் எது தம் தெருவை ஒத்திருக்கிறது, எது ஒத்திருக்கவில்லை, ஏன் என்று அம்மாணவர் எழுதினால், அதைவிடச் சிறந்த செயல்முறைப் பயிற்சி இருக்க முடியாது.

பெரிய தடை மொழிதான். மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் பயின்றவர்கள், ஜூனியர் கல்லூரியில் வேறொரு மொழிக்கு மாற நேர்கிறது. இலங்கையில் நிலைமை வேறு. அங்கு க.பொ.த. உயர்தரத் தேர்வில் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்ற பாடத்தைத் தமிழ்மொழி மூலமே எழுதலாம். மும்பையில் செய்தி எழுதும் பணி பெரிதும் ஆங்கிலம், மராத்தி, இந்தி ஆகிய மொழிகளில் நடைபெறுவதால், மராத்தியைத் தவிர்க்காமல் படிப்பது மாணவருக்கு நன்மை தரும். தமிழ் எழுத்துப் பயிற்சியைக் கைவிடாதவருக்குத் தமிழ்ச் செய்தித் தளங்களிலும் இடமுண்டு.

பாடத்திட்டத்தில் ஒரு பாடம் இருப்பதாலேயே எல்லாப் பள்ளிகளிலும் அது கற்பிக்கப்படும் என்று கொள்ள இயலாது. அதற்குரிய ஆசிரியர் இருக்கிறாரா, செயல்முறைத் தேர்வுக்கான கருவிகள் உள்ளனவா என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே பெற்றோர் நேரில் கேட்டறிய வேண்டும்.