உங்களுக்குத் தெரியுமா? கிணறு கடலில், கணக்கு கோலாலம்பூரில்

● கிள்ளான் பள்ளத்தாக்கில் மண்ணைத் தோண்டியவர்களுக்கு ஈயம் கிடைத்தது, சுண்ணாம்புக்கல் கிடைத்தது. எண்ணெய் மட்டும் ஒரு சொட்டுக்கூடக் கிடைத்ததில்லை. ஆனாலும் சபா கரைக்கு அப்பால், ஆயிரம் மீட்டர் ஆழக் கடலில் எங்கே துளை போடுவது என்ற முடிவு இங்கேதான் எடுக்கப்படுகிறது. 1974-ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நாட்டின் எண்ணெய், எரிவாயு உரிமை முழுவதையும் பெட்ரோனாஸிடம் ஒப்படைத்தது. அதன் தலைமையகம் இரட்டைக் கோபுரத்தில். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் கே.எல். சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் ஐந்தாவது நிலையம்.

● இந்நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு சரவாக்கின் மீரி நகரில், கனடா குன்றின் மேல் தோண்டப்பட்டது. 1910 ஆகஸ்ட் 10-இல் வேலை தொடங்கியது. டிசம்பர் 22-இல் எண்ணெய் வந்துவிட்டது. ஆழம் சுமார் 130 மீட்டர். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 83 பீப்பாய். 'கிராண்ட் ஓல்ட் லேடி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட அந்தக் கிணறு 1972 வரை ஓயவில்லை.

● எது ஆழ்கடல்? மலேசிய ஒப்பந்தங்களில் 200 மீட்டரைத் தாண்டினாலே அந்தக் கணக்கில் வரும். நாட்டின் முதல் ஆழ்கடல் எண்ணெய் வயலான கிக்கே இருக்கும் இடத்தில் தண்ணீரின் ஆழம் 1,300 மீட்டருக்கும் மேல். இரட்டைக் கோபுரத்தைப் போல மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் உச்சி கடல் மட்டத்தை எட்டும். கிணறு தொடங்குவது அந்த அடிமட்டத்தில். அங்கிருந்து இன்னும் கிலோமீட்டர் கணக்கில் கீழே போக வேண்டும்.

● கிக்கே வட்டாரத்துக்கான ஒப்பந்தத்தை அமெரிக்காவின் மர்ஃபி நிறுவனம் பெற்றது 1999-இல். எண்ணெய் கண்டது 2002-இல். முதல் எண்ணெய் மேலே வந்தது 2007 ஆகஸ்டில். இந்தத் தொழிலில் இது ஓட்டப்பந்தய வேகம். ஷெல் நிறுவனத்தின் குமுசுட்-காக்காப் வயலைப் பாருங்கள்: குமுசுட்டில் எண்ணெய் கண்டது 2003, முழு மிதவை மேடையும் உற்பத்திக்கு வந்தது 2014. நடுவில் ஜொகூர் பாசிர் கூடாங் கட்டுந்தளத்தில் 23,000 டன் எடையுள்ள மேல்தளத்தை அப்படியே தூக்கி அடித்தளத்தின்மேல் வைத்தார்கள்.

● கடலுக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, ஒலியனுப்பிக் கேட்கிறார்கள். ஆய்வுக் கப்பல் தன் பின்னால் பல கிலோமீட்டர் நீளக் கேபிள்களை இழுத்துக்கொண்டு போகும். சில விநாடிக்கு ஒருமுறை அழுத்தக் காற்றைத் தண்ணீருக்குள் வெடிப்பது போல வெளியிடுவார்கள். பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேபிளில் உள்ள ஒலிவாங்கிகள் பதிவு செய்யும். கப்பலின் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும்; பதிவைக் கணினியில் போட்டுப் படமாக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்தப் படத்தைப் பெரிய திரையில் விரித்து வைத்துக்கொண்டு, இது மணற்கல்லா களிமண்ணா, இந்த மடிப்பு மூடியிருக்கிறதா கசிகிறதா என்று நிலவியலாளர்கள் மல்லுக்கட்டுவது குளிர்சாதன அறைக்குள்.

● ஒரு புதிய இடத்தில் எண்ணெய் இருக்க ஐந்து பொருத்தம் வேண்டும். எண்ணெயை ஈன்ற பாறை, அதைத் தேக்கி வைக்கும் நுண்துளைப் பாறை, மேலே கசியாத மூடி, பொறி போன்ற அமைப்பு, இவையெல்லாம் சரியான காலவரிசையில் அமைந்திருப்பது. நம் ஜாதகப் பொருத்தத்தில் பத்துக்கு ஏழு இருந்தால் கல்யாணத்தை முடித்துவிடலாம். இங்கே ஐந்தில் ஒன்று தவறினாலும் கிணறு வறட்டுக் கிணறு. அதனால் ஐந்தின் வாய்ப்பையும் ஒன்றோடொன்று பெருக்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 70 விழுக்காடு கொடுத்துப் பெருக்கிப் பாருங்கள், மிஞ்சுவது 17 விழுக்காடுதான். 'பெரிய வாய்ப்பு' என்று பத்திரிகையில் படிக்கும்போது இந்தப் பதினேழை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

● ஆழ்கடல் கிணற்றுத் திட்டத்தில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் இடம் எது தெரியுமா? சேறு. துளைக்கும் குழாய் வழியே உள்ளே இறங்கி, அறுத்த கல்துகள்களை அள்ளிக்கொண்டு மேலே வரும் கனமான கலவைக்கு ரிக்கில், அதாவது துளைமேடையில், 'மட்' என்று பெயர். பேரைட் என்ற கனிமத் தூளைக் கலந்து அதன் கனத்தைக் கூட்டுவார்கள். கனம் குறைந்தால் பாறைக்குள் அடைபட்டிருக்கும் வாயு துளைக்குள் பாய்ந்துவிடும். அதைத்தான் 'கிக்' என்கிறார்கள். கனம் கூடினால் பாறை பிளந்து, மட் பூமிக்குள் ஓடி மறைந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குள்ளேயே வேலை நடக்க வேண்டும்.

தரைக் கிணற்றில் அந்த இடைவெளி தாராளமாக இருக்கும். ஆழ்கடலில் முதல் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் வெறும் தண்ணீர். பாறை அழுத்துகிற அளவுக்குத் தண்ணீர் அழுத்தாது. அழுத்தம் குறைந்த அடிப்பாறை சீக்கிரம் பிளந்துகொள்ளும். எனவே கொஞ்ச தூரம் துளைப்பது, இரும்புக் குழாய் இறக்கி சிமென்ட் வார்ப்பது, அதற்குள்ளிருந்து சிறிய துளையாகத் தொடர்வது என்று கட்டம் கட்டமாகப் போகிறார்கள். கடல்தரையில் 36 அங்குல அகலத்தில் தொடங்கும் கிணறு, எண்ணெய் இருக்கும் பாறையைத் தொடும்போது எட்டரை அங்குலமாகச் சுருங்கியிருக்கும். ஒரு கட்டத்தை அவசரப்பட்டு வீணாக்கிவிட்டால் இலக்கை எட்டுவதற்குள் துளைக்க அகலமே மிஞ்சாது. எத்தனை குழாய், எந்தெந்த ஆழத்தில் என்பது ரிக் புறப்படும் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும்.

பக்கத்தில் வேறு கிணறு இருந்தால் அதன் பதிவேட்டைப் புரட்டலாம். யாரும் துளைத்துப் பாராத படுகையில் அதுவும் கிடையாது. அங்கே உதவுவது பழைய எதிரொலிப் பதிவுதான்: அளவுக்கு மீறிய அழுத்தத்தில் இருக்கும் பாறைக்குள் ஒலி மெதுவாகப் போகும். எங்கே வேகம் குறைகிறதோ அங்கே சிவப்புப் புள்ளி வைக்கிறார்கள்.

● ஆயிரம் மீட்டருக்குக் கீழே கடல்தரையின் வெப்பநிலை சுமார் 4 பாகை செல்சியஸ். மேலே சபா வெயில் கொளுத்தினாலும் கீழே குளிர்சாதனப் பெட்டிதான். அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்துகொள்ளும். இப்படி உறைந்த திட்டுகள் சபா, புருணை கடற்சரிவிலும் உண்டு. கிணற்று வாய்க்கு இடம் குறிக்கும்போது இவற்றை விட்டு விலகியே குறிப்பார்கள்.

● ரிக்குக்கு நங்கூரம் இருக்கும் என்று நினைக்கிறீர்களா? மிக ஆழமான இடங்களில் துளைக்கும் கப்பல்களுக்குப் பெரும்பாலும் இல்லை. செயற்கைக்கோளைப் பார்த்து, அடியில் உள்ள உந்துவிசிறிகளைக் கணினி இயக்கி, கப்பலை ஒரே புள்ளியில் நிறுத்தி வைக்கிறது. விலகல் வரம்பு மீறினால் குழாயைக் கடல்தரையில் கழற்றிவிட்டுக் கப்பல் நகர்ந்துகொள்ளும். எத்தனை மீட்டர் விலகினால் மஞ்சள் எச்சரிக்கை, எத்தனைக்குச் சிவப்பு என்ற எண்களும் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

● அந்தமான் கடலில் மேலே இருந்து பார்த்தால் தெரியாத அலைகள் உண்டு. 1970-களில் எக்ஸான் நிறுவனம் அங்கே ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் துளைக் கப்பலை நிறுத்தியபோது, மேல்மட்டத்துச் சூடான நீருக்கும் அடியிலுள்ள குளிர்நீருக்கும் நடுவே 60 மீட்டர் உயர அலைகள் நகர்ந்து செல்வது அளந்தறியப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்தது, கொதிக்கும் சோற்றுப்பானை போலச் சலசலத்து நகரும் ஒரு நீர்ப்பட்டை மட்டுமே. ஆஸ்போர்ன், பர்ச் இருவரும் 1980-இல் 'சயன்ஸ்' இதழில் இதை எழுதினார்கள். இந்த அலைகளைக் கிளப்புவது ஓதம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வலுக்கும். பஞ்சாங்கம் பார்க்காமல் அங்கே கிணறு திட்டமிட முடியாது என்று சொன்னால் அது மூடநம்பிக்கை அல்ல.

● அந்தக் கடல் நமக்குத் தூரமுமில்லை. மலாக்கா நீரிணையின் வடக்கு வாயிலுக்கு அப்பால், சுமத்ராவின் வடமுனைக்கு வெளியே, அபுதாபியின் முபாதலா நிறுவனம் 2023 டிசம்பரில் லாயாரான்-1 கிணற்றில் எரிவாயு கண்டதாக அறிவித்தது. தண்ணீர் ஆழம் 1,207 மீட்டர், கிணற்றின் ஆழம் 4,208 மீட்டர். தீபகற்பத்தின் மேற்குக் கரையை ஒட்டிய லங்காசுகா படுகையையும் தேடல் நடக்க வேண்டிய புதிய வட்டாரமாகப் பெட்ரோனாஸ் முதலீட்டாளர்களுக்கு எடுத்துக்காட்டி வருகிறது.

● வரைபடத்தில் கோடு சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல பாறை இருந்தும் பயனில்லை. கிக்கேக்கு அருகிலேயே மலேசியாவும் புருணையும் ஒரே கடற்பரப்புக்கு இரு வேறு நிறுவனங்களிடம் ஒப்பந்தம் போட்டிருந்தன. 2003-இல் இரு தரப்பு ரோந்துப் படகுகளும் எதிர்த்தரப்புக் கப்பல்களை மறித்தன. தேடல் நின்றது. 2009 மார்ச் 16-இல் அப்போதைய பிரதமர் அப்துல்லா படாவியும் புருணை சுல்தானும் கடிதங்கள் பரிமாறிக்கொண்ட பிறகே முடிச்சு அவிழ்ந்தது. மர்ஃபியின் இரண்டு வட்டாரங்கள் மலேசியக் கணக்கிலிருந்து கழிந்தன.

● எல்லைச் சிக்கல் அத்தோடு முடியவில்லை. 2020 ஏப்ரலில், நாம் எல்லாரும் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் இருந்த நாள்களில், பெட்ரோனாஸ் வாடகைக்கு எடுத்த 'வெஸ்ட் கபெல்லா' துளைக் கப்பலுக்கு அருகே சீனாவின் ஆய்வுக் கப்பல் வந்து நின்றது. அமெரிக்க, ஆஸ்திரேலியப் போர்க்கப்பல்களும் அந்தப் பக்கம் வந்தன. துளைக் கப்பல் மே மாதத்தில் கிளம்பியது.

● நவீன துளைக் கப்பல் ஒன்றின் வாடகை 2024-இல் நாளொன்றுக்கு 4 முதல் 5 லட்சம் அமெரிக்க டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 2 மில்லியன் ரிங்கிட். ஹெலிகாப்டர், சரக்குப் படகு, சிமென்ட் ஆள்கள், மட் ஆள்கள் எல்லாம் தனி. வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வால்வு வந்து சேரவில்லை என்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். கிணற்று வாய்க்கான கருவிகளைப் பல மாதங்களுக்கு முன்பே வாங்கி வைப்பதும், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களைத் தனியாகக் குறித்து வைப்பதும் இதற்காகவே.

● 2010 ஏப்ரல் 20-இல் மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த கிணற்றின் வாயை மூட 87 நாள் ஆயிற்று. தேவையான மூடி கையில் இல்லை. அங்கேயே வடிவமைத்துச் செய்தார்கள். இப்போது அத்தகைய மூடிகள் உலகின் சில துறைமுகங்களில் தயாராகக் காத்திருக்கின்றன. கிணறு கட்டுமீறினால் அதைப் பக்கவாட்டில் சென்று அடைக்கும் இரண்டாவது கிணறு எங்கே தோண்டப்படும் என்பதையும் முதல் கிணற்றுக்கு முன்பே வரைந்துவிட வேண்டும்.

● பிரிக்ஃபீல்ட்ஸில் யாழ்ப்பாண வேர் கொண்ட குடும்பங்களுக்கு மன்னார் புதிய பெயர் அல்ல. அங்குள்ள பேசாலையில் 1970-களில் சோவியத் உதவியோடு கிணறு தோண்டிப் பார்த்தார்கள். 2011-இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் ஜப்பானின் அறிவியல் ஆய்வுக் கப்பலான சிக்யூவை வரவழைத்து மன்னார் படுகையில் துளைத்தது. 'டொராடோ', 'பராகுடா' என்ற இரண்டு கிணறுகளிலும் எரிவாயு தென்பட்டது. மூன்றாவது வறட்டுக் கிணறு. வாயு தென்பட்டபோது கொழும்பில் பெரிய கொண்டாட்டம். ஆனால் வாயு இருப்பது வேறு, விற்றுக் கட்டுபடியாவது வேறு. கெய்ர்ன் 2015-இல் வெளியேறிவிட்டது.

● உள்ளூர்ப் பையன் ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. பிரிக்ஃபீல்ட்ஸில் 1938-இல் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப் பள்ளியில் படித்த ஆனந்த கிருஷ்ணனைத் தொலைக்காட்சிக்கும் தொலைபேசிக்கும் சொந்தக்காரராகவே பலருக்குத் தெரியும். கடலில் எடுத்த எண்ணெயை அங்கேயே பிரித்துச் சேமிக்கும் மிதவைக் கப்பல்களை இயக்கும் பூமி அர்மாடா நிறுவனத்திலும் மிகப் பெரிய பங்கு அவருடையதாக இருந்தது. 2024 ஜனவரியில் ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் இந்தியாவின் ஓஎன்ஜிசி நிறுவனம் முதல் எண்ணெயை எடுத்தபோது, அங்கே நின்ற கப்பல் பூமி அர்மாடா இந்தியக் கூட்டாளியோடு சேர்ந்து நடத்துவது. அதே ஆண்டு நவம்பர் 28-இல் அவர் காலமானார்.

● கோலாலம்பூரில் இரவு 8 மணி என்றால் தென் அமெரிக்காவின் சுரினாமில் காலை 9 மணி. இரட்டைக் கோபுரத்தில் சிலருக்கு இந்த 11 மணி நேர வித்தியாசம் மனப்பாடம். சுரினாமின் 52-ஆம் வட்டாரக் கடலில் பெட்ரோனாஸ் 2020-இல் ஸ்லோனியா, 2023-இல் ரொய்ஸ்டோனியா, 2024-இல் ஃபூசேயா என்று மூன்று கண்டுபிடிப்புகளை அறிவித்திருக்கிறது.

● எஸ்பிஎம் முடித்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு வார்த்தை. நிலவியல் படிக்க வெளிநாடு போக வேண்டியதில்லை. மலாயா பல்கலைக்கழகத்தின் பந்தாய் வளாகத்திலும், பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலும் அத்துறை இருக்கிறது. இன்னும் சிறிய பிள்ளைகள் என்றால் பள்ளி விடுமுறையில் சூரியா கேஎல்சிசி நான்காம் மாடியிலுள்ள பெட்ரோசயின்ஸுக்கு அழைத்துப் போங்கள். எண்ணெய் மேடை மாதிரி ஒன்று அங்கே இருக்கிறது. மருத்துவம், சட்டம் என்று நீளும் நம் பட்டியலில் பாறைக்கும் ஓர் இடம் கொடுங்கள்.