இவாஞ்செலியன் தொடரில் தன்னம்பிக்கையற்ற தலைமைமாந்தன்

ஹிதேயாகி அன்னோ இயக்கிய ‘நியான் ஜெனிசிஸ் இவாஞ்செலியன்’ (1995–96) என்னும் 26 பகுதிகள் கொண்ட ஜப்பானிய அனிமே தொடரின் தலைமைமாந்தன் ஷின்ஜி இகாரி, 14 வயதுச் சிறுவன். ‘மசிங்கர் இசட்’ (1972) தொடரின் நாயகன் கோஜி பேரியந்திரத்தை ஆர்வத்தோடு இயக்குகிறான். ஷின்ஜியோ தன்னைக் கைவிட்ட தந்தையின் ஏற்பை நாடியே அப்பணியில் தொடர்கிறான். எனவே, போரில் பெறும் வெற்றி அவனது தாழ்வுணர்ச்சியைப் போக்காமல், பிறர் பாராட்டைச் சார்ந்திருக்கும் நிலையையே வலுப்படுத்துகிறது.

இத்தகைய மாந்தர்மீது பார்வையாளர் கொள்ளும் ஈர்ப்பைத் தன்னிரக்கம் எனச் சுருக்குதல் பொருந்தாது. 18ஆம் பகுதியில், எதிரி இயந்திரத்தினுள் மனிதர் இருப்பதால் ஷின்ஜி போரிட மறுக்கிறான். தந்தையோ இயந்திரத்தைத் தானே தாக்கச் செய்கிறார். உள்ளிருந்த நண்பன் படுகாயமுறுகிறான். இங்கு அவனது தயக்கம் அறமாகவும் இயலாமையாகவும் ஒருங்கே வெளிப்படுகிறது. அவனை வீரன் என்றோ கோழை என்றோ தீர்ப்பிடப் பார்வையாளரால் இயலுவதில்லை. இறுதி இரு பகுதிகள் போரை விடுத்து அவன் மனத்தினுள் நிகழ்கின்றன. குறையுடையோனும் வாழத் தக்கவன் என்று அங்கு அவன் அடையும் தெளிவே அவ்வீர்ப்பின் அடிப்படை எனலாம்.