லூப்புக்குள் வார் வேண்டாம்

கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். ரயிலில் தெற்கே போகிறவர்களுக்குப் பழகிய வரிசை. இந்த ஆறுக்கும் வலைப்பக்கத்தில் ஆறு பட்டன் வைப்போம். அழுத்தினால் அந்த ஊர்ப் பெயர் கன்சோலில் வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் பெயர்களை ‘நிலையங்கள்’ என்ற அர்ரேயில் போட்டு, ‘வார் ஐ’ என்று தொடங்கும் ஃபார் லூப்பில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கிளிக் ஃபங்ஷன் கொடுக்கிறோம்.

கிள்ளையை அழுத்தினால் ‘அன்டிஃபைன்டு’ என்கிறது. எதை அழுத்தினாலும் அதேதான். கடைசி ஊரான சிதம்பரமாவது வரக் கூடாதா?

வராது. ‘வார்’ சுருள் அடைப்பை மதிப்பதில்லை. ஃபங்ஷன் முழுவதற்கும் ஒரே ‘ஐ’தான். ஆறு கிளிக் ஃபங்ஷன்களும் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. நாம் பட்டனை அழுத்துவதற்கு வெகு முன்பே லூப் முடிந்துவிடுகிறது. முடியும்போது ‘ஐ’யின் மதிப்பு 5 அல்ல, 6. அர்ரேயின் எண்கள் 0 முதல் 5 வரைதான். ஆறாம் எண்ணில் ஒன்றுமில்லை. லூப்புக்குள்ளேயே ‘வார் ஊர்’ என்று பெயரை எடுத்து வைத்திருந்தால் ஆறு பட்டனும் சிதம்பரம் என்று சொல்லும். பிழை ஒன்றுதான், முகம் வேறு.

‘வார்’ என்பதை ‘லெட்’ என்று மாற்றினால் போதும். ஃபார் லூப்பின் தலையில் ‘லெட்’ இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய ‘ஐ’ பிறக்கிறது: முந்தைய மதிப்பை நகலெடுத்து, ஒன்று கூட்டிக்கொண்டு அடுத்த சுற்று தொடங்குகிறது. கிள்ளையின் ஃபங்ஷன் தன் சுற்றின் 4-ஐ விடாமல் வைத்திருக்கும்.

1995-இல் பிறந்த மொழிக்கு இந்த வசதி 2015-இல், எக்மாஸ்கிரிப்ட் 6 வழியாகத்தான் வந்தது. அதுவரை இதற்காகவே ஒரு ஃபங்ஷனை எழுதி, உடனே அழைத்து, ‘ஐ’யை உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. பழைய கோடுகளில் அந்த விநோத அடைப்புக்குறிகளைப் பார்த்தால் காரணம் இதுவே.

‘கான்ஸ்ட்’ ஃபார்-ஆஃப் லூப்பில் நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு சுற்றிலும் அதுவும் புதிது. ஆனால் ‘ஐ’யைக் கூட்டிக்கொண்டே போகும் லூப்பில் முதல் கூட்டலிலேயே பிழை காட்டி நின்றுவிடும்.

லூப் முடிந்த பிறகும் ‘ஐ’ தேவை என்று சிலர் ‘லெட் ஐ’யை லூப்புக்கு மேலே எழுதுவார்கள். அப்போது எல்லாச் சுற்றுக்கும் மறுபடி ஒரே ‘ஐ’. கிள்ளை பட்டனில் திரும்பவும் ‘அன்டிஃபைன்டு’ வரும்.